மாடி ஒழுகினால் சிமென்ட்டா, கடுக்காயா?
வாசகர் கேள்வி – பதில்: பழைய கட்டடங்கள்

இந்த இதழுக்கு வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய கட்டடங்களை அளப்பதும் பழுதுபார்ப்பதும் தொழிலாகக் கொண்ட எங்கள் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பழைய கட்டடக்கலை பற்றி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். முட்டுக்காடு வரை அழைத்துப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் இதற்கென்று சின்ன மியூசியம் ஏதாவது இருக்கிறதா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

வீடுகளையே காட்சிப்பொருளாக வைத்திருப்பது நீங்கள் சொல்கிற முட்டுக்காடு தட்சிணசித்ராதான். 1996-ல் திறந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திர வீடுகளை அங்கே பார்க்கலாம். உங்களுக்குக் கிட்டத்தில் என்றால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். உள்ளே இருப்பது வாள், துப்பாக்கி, நாணயம், பீங்கான், கவர்னர்களின் ஓவியங்கள்; 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உங்கள் மகளின் வேலைக்கு அந்தக் கட்டடமே பெரிய காட்சிப்பொருள். 1790-களில் வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்சாகக் கட்டியது, மியூசியமாகத் திறந்தது 1948-ல்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்தது உயர் நீதிமன்றம். அங்கிருந்து நடக்கும் தூரம். தலைமைச் செயலகம் இருக்கிற வளாகம் என்பதால் நுழைவில் சோதனை உண்டு. பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துப் போங்கள், பெரிய பை வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டிகளை முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மீதி நேரத்தைச் சுவருக்குக் கொடுங்கள். ஒரு டேப், ஒரு நோட்டு போதும். ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனம் எவ்வளவு? தரையிலிருந்து கூரை வரை தோராயமாக எத்தனை ஆள் உயரம்? கூரையை மரக்கட்டை தாங்குகிறதா, வளைவு தாங்குகிறதா? இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு அதே வளாகத்தில் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குப் போய் அதே மூன்றையும் அங்கேயும் எழுதச் சொல்லுங்கள். 1680-ல் திறந்த கோயில் அது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று சுமார் 4 அடிக் கனச் சுவர் எழுப்பி, கூரையில் மரமே சேர்க்காமல் செங்கல் வளைவாகக் கட்டினார்கள். வளைவுக் கூரை தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத்தான் சுவர் அவ்வளவு தடிமன். இரண்டு கட்டடத்தின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே ப்ராஜெக்டில் பாதி முடிந்தது.

இன்னொரு பாதிக்கு விளக்கு. 1796-ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது இந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் உச்சியில்தான். 1844-ல் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிற டோரிக் (கிரேக்க பாணி) தூணுக்கு மாறியது. பல்லாவரம் கருங்கல், சுமார் 125 அடி. 1894-ல் உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்துக்கே ஏறியது, 1977-ல் மெரினாவுக்குப் போனது. முதல் மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். நீதிமன்ற வளாகத்துக்குள் விடவில்லையென்றால் சாலையில் நின்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரிஸ் கார்னரில் இருப்பதையெல்லாம் பொத்தாம்பொதுவாக 'வெள்ளைக்காரன் கட்டியது' என்கிறோம். வகை பிரித்துப் பார்ப்பது எப்படி?
— வாசகர், மண்ணடி

உச்சியைப் பாருங்கள், பிறகு வாசலைப் பாருங்கள், கடைசியில் சுவரின் தோலைப் பாருங்கள்.

உச்சியில் முக்கோணம், முகப்பில் தூண்வரிசை, சுவரெல்லாம் வெள்ளைப் பூச்சு என்றால் கிரேக்க–ரோமானியச் சாயல். என்.எஸ்.சி. போஸ் சாலையில் 1850-ல் திறந்த பச்சையப்பன் மண்டபம் ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பார்த்துக் கட்டியது. முன்னால் கடைகள் மறைத்துக்கொண்டிருப்பதால் எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

உச்சியில் குமிழ்க் கோபுரம், மினார். வாசலில் இதழ் இதழாக வெட்டிய வளைவு. சுவரில் பூசாமல் விட்ட சிவப்புச் செங்கல். இது இந்தோ–சாரசெனிக். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றமும், பக்கத்துப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும், ராஜாஜி சாலையில் 1897-ஆம் ஆண்டின் பாங்க் ஆஃப் மெட்ராஸ் கட்டடமும் (இன்றைய ஸ்டேட் பாங்க்) இந்த வகை. உடுப்புத்தான் முகலாயம், அறைகளை அடுக்கிய விதம் ஐரோப்பியம். மொகலாயருக்குப் பிறகு நாங்கள்தான் என்று காட்டிக்கொள்ள ஆட்சிக்கு அது வசதியாக இருந்தது. 1768-ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையைத்தான் இந்த வகையின் முன்னோடி என்பார்கள்.

சாலை முனையோடு வளைந்து திரும்பும் முகப்பு, சுற்றிலும் படுக்கைக் கோடுகள், புருவம் மாதிரி நீளமான சன்ஷேடு என்றால் ஆர்ட் டெகோ. கான்கிரீட் வந்த பிறகு பிறந்தது. பாரிஸ் கார்னரின் டேர் ஹவுஸ், 1940. மண்ணடித் தெருக்களில் இதைச் சின்ன அளவில் காப்பியடித்த வீடுகள் நிறைய உண்டு. வெள்ளைக்காரன் கட்டியவை அல்ல, நம் மேஸ்திரிகள் கட்டியவை. எங்களுக்குப் பிடித்தவை அவைதான்.

கேள்வி: 1853-லேயே பம்பாயில் ரயில் ஓடிவிட்டதே. ராயபுரம் ஸ்டேஷனைப் போய் எப்படி 'இந்தியாவின் பழமையான நிலையம்' என்கிறார்கள்?
— மாணவர், காசிமேடு

ரயில் முதலில் ஓடியது பம்பாய்–தாணே இடையில்தான். ஆனால் அங்கே அன்றிருந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் 1856 ஜூனில் திறந்தது, ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு நிலையத்துக்கு வண்டி புறப்பட்டது, கட்டடம் இன்னும் நிற்கிறது. 'இன்னும் நிற்பவற்றில் பழமையானது' என்று முழுதாகச் சொன்னால் சண்டை வராது.

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய வீடு, மாடி மெட்ராஸ் டெரஸ். மூன்று வருடமாக மழைக்கு ஒழுகுகிறது. மேலே 4 அங்குலம் கான்கிரீட் போட்டால் ஜென்மத்துக்கும் ஒழுகாது என்கிறார் மேஸ்திரி. போடலாமா?
— வாசகர், ராயபுரம்

வேண்டாம். முதலில் பாரக் கணக்கு. 4 அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 23 கிலோ. 200 சதுர அடி அறை என்றால் நாலரை டன்னுக்கு மேல். அத்தனையும் உங்கள் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டைகளின் தலையில் இறங்கும். அந்தக் கட்டைகளில் எது உளுத்திருக்கிறது என்று மேஸ்திரி பார்த்தாரா?

மெட்ராஸ் டெரஸ் கூரை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் எங்கே ஒழுகும் என்பதும் தெரியும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டை, ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்று. அதன்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள மெத்தைச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அறையின் மூலையில் ஆரம்பித்துக் கோணலாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையில் சுண்ணாம்பால் ஒட்டிக்கொள்ளும், கீழே முட்டுப் பலகை வேண்டாம். கோணல் வரிசைக்குக் காரணம் அழகல்ல. மூலையில் முதல் வரிசை அரையடிதான் இருக்கும், அதனால் விழாது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், 3 அங்குலத்துக்குக் குறையாமல். அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு.

ஒழுகுகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற ஓரம், மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாய், தட்டோட்டின் இடுக்கு. நடுத்தளத்தில் ஓட்டை விழுந்து ஒழுகுவது குறைவு. தண்ணீர் நுழைகிற இடமும் கீழே சொட்டுகிற இடமும் ஒன்றாக இருக்காது. கட்டையோடு நாலைந்து அடி நடந்து வந்துதான் சொட்டும். ஆகவே கீழே கறைக்கு நேர் மேலே உடைக்காதீர்கள்.

செய்கிற முறை:

வெயில் நாளில் மாடிக்குப் போய்ச் சின்னச் சுத்தியலால் ஓடு ஓடாகத் தட்டுங்கள். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் விடுங்கள். பொள்ளலாகக் கேட்டால் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். அடுத்து வீட்டுக்குள் வந்து, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழைகிற முனையில் கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. காற்றுப் படாமல் ஈரச் சுவருக்குள் அடைந்திருப்பதால் முனைதான் முதலில் உளுக்கும். நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை அறுத்துவிட்டு நல்ல தேக்கை இரு பக்கமும் அணைத்துப் போல்ட் போடலாம், அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரட்டும். வேலை முடியும் வரை கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சில வீடுகளில் கட்டைக்குப் பதில் பழைய தண்டவாளம் இருக்கும். கடல் காற்றில் துரு ஏறினால் இரும்பு உப்பும், உப்பினால் பக்கத்துச் செங்கல் வெடிக்கும். அங்கே துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசுவது வீண் செலவு.

பொள்ளல் இடத்து ஓட்டையும் தளர்ந்த ஜல்லியையும் எடுத்துவிட்டுப் புதுத் தளம் போடுங்கள். பொதுப்பணித் துறையின் பழைய விகிதம்: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய (தண்ணீரில் தணித்த) சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. ஜல்லியை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் தளம் மாவாக உதிரும். வாட்டம் (சரிவு) 60 அடிக்கு ஒரு அடியாவது குழாய் வாயை நோக்கி இருக்கட்டும்.

பிறகு மட்டையால் அடிப்பது. இங்கேதான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள், ஏமாறுகிறார்கள். ஒரு நாள் அடித்துவிட்டு ஓடு பதிக்கிற தளம் அடுத்த மழைக்கே காட்டிக்கொடுக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் அடிக்க வேண்டும். மட்டை பட்ட தடம் பதியாமல், மட்டை துள்ளித் திரும்பினால் சரி. அடிக்கும்போது தெளிக்கத்தான் கடுக்காய்த் தண்ணீர். 10 சதுர மீட்டருக்கு (சுமார் 108 சதுர அடி) 600 கிராம் உடைத்த கடுக்காய், 200 கிராம் வெல்லம், 40 லிட்டர் தண்ணீர். 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்துத் தெளிந்ததை இறுத்து எடுங்கள். வெல்லத்தைத் தாராளமாகப் போட்டால் இன்னும் கெட்டியாகும் என்று நினைக்க வேண்டாம், எறும்புதான் வரும்.

மேலே தட்டோட்டை இரண்டு வரிசையாக, கீழ் வரிசையின் இடுக்கு மேல் வரிசை ஓட்டின் நடுவில் வருகிறமாதிரி பதியுங்கள். கைப்பிடிச் சுவரின் ஓரத்தைச் செங்கோணமாக விடாமல் உருட்டி, அரையடி உயரத்துக்குச் சுவரில் ஏற்றிப் பூசுங்கள். குறைந்தது பத்து நாள் ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும்.

வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக மாறுகிற பொருள். அது மெதுவாகத்தான் நடக்கும். புரட்டாசியில் தளம் போட்டு ஐப்பசி மழையில் நனையவிட்டால் பழி கடுக்காய் மேல் விழும்.

கேள்வி: அந்தக் காலத்தில் சுவருக்கு முட்டை கலந்து பூசினார்களாமே, கதையா?
— வாசகி, தண்டையார்பேட்டை

கதையில்லை. ஆனால் சுவர் முழுக்க அல்ல. பளிங்கு மாதிரி மின்னுகிற 'மெட்ராஸ் சுண்ணாம்பு'ப் பூச்சில் கடைசிப் பூச்சுக்கு மட்டும் சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் தயிரோ நெய்யோ சேர்த்தார்கள். காய்வதற்கு முன் வழவழப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்த்தார்கள். மினுமினுப்புக்கு முட்டையைவிட அந்தத் தேய்ப்புத்தான் காரணம். கடைசிப் பூச்சின் கனம் நகக்கண் அளவு. கிளிஞ்சல் நமக்குப் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்தது.

கேள்வி: கீழ்த்தளச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூக்கிறது. இரண்டு முறை சிமென்ட் பூசி 'டேம்ப் புரூஃப்' பெயின்ட்டும் அடித்தாயிற்று. இப்போது நாலரை அடிக்கு ஏறிவிட்டது. ஏன்?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பூசினீர்களே, அதனால்தான். தரையிலிருந்து செங்கல் உறிஞ்சுகிற தண்ணீர் முன்பு மூன்றடியில் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டதால் அடைப்பு முடிகிற உயரம் வரை ஏறி வெளியே வருகிறது. தண்ணீர் போன பிறகு மிஞ்சுகிற உப்புப் படிகமாகி, சுவரின் தோலை உரிக்கிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து என்று பாருங்கள். உங்கள் பகுதியில் பெரும்பாலும் தெருவே காரணமாக இருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு, மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெருமட்டத்தில் கிடக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு சிமென்ட்டை எடுத்துவிட்டுச் சின்ன ஜல்லிக் கால்வாய் விட முடிந்தால் பாதி குறையும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டிக் கசிவையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு கறை ஏறியிருக்கிற உயரத்துக்கும் ஓரடி மேல் வரை சிமென்ட் பூச்சை உளியால் எடுங்கள். செங்கல் இடுக்கில் அரை அங்குல ஆழத்துக்குத் தளர்ந்த காறையை (பழைய கலவையை) சுரண்டுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் அப்படியே கிடக்கட்டும். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் சுண்ணாம்பு ஒன்றுக்கு ஆற்று மணல் மூன்று. கடல் மணல் அறவே கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேலே அடிப்பது வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீற்றுவதானால் தண்ணீரில் கல்லைப் போடுங்கள், கல்லின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீற்றிய பின் இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். நீறாத துணுக்கு ஒன்று பூச்சில் மாட்டினால் மாதம் கழித்து அங்கே கொப்பளம் வெடிக்கும்.

கேள்வி: மாடிப் பூங்காவை ஒட்டி எங்கள் வீடு. இடித்துவிட்டு மூன்று மாடி கட்ட நினைக்கிறோம். தொல்லியல் துறை தடை என்கிறார்களே?
— வாசகர், பழைய ஜெயில் ரோடு

ஆம். அந்தப் பூங்கா நிற்பது 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சத்தின் மேல். அந்த மதிலுக்கு வரி போட நினைத்ததில்தான் வால்டாக்ஸ் ரோடு பெயர் பெற்றது. மதில் மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. இடித்துக் கட்டுவதும் அதில் அடக்கம். அதற்கடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வாங்கிக் கட்டலாம்.

100 மீட்டருக்குள்ளும் பழுதுபார்க்க வழியிருக்கிறது. கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்தது என்று காட்டினால் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பழைய வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பத்திரம் எல்லாம் அதற்கு உதவும். கூரையை மாற்றுவது பழுதுபார்ப்பா, புதுக் கட்டுமானமா என்பதில்தான் விண்ணப்பங்கள் சிக்கும். ஆகவே இருக்கிற வீட்டின் அளவுப் படத்தையும் தேதி போட்ட புகைப்படங்களையும் முதல் நாளே இணைத்துவிடுங்கள். இது தவிர, வீடு சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்றும் தனியாகப் பாருங்கள். அது வேறு அனுமதி.

கேள்வி: அண்ணன் தம்பிகள் சேர்ந்து வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. தடுக்க முடியாது. இடிப்பதற்குள் என்னென்ன பதிந்து வைக்கலாம்?
— வாசகி, தங்கசாலை

ஒரு சனி, ஞாயிறு போதும், இரண்டு பேர் வேண்டும். 30 மீட்டர் டேப், கிளிப் போட்ட அட்டை, பென்சில்.

ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரை அளந்தால் போதாது. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். பழைய அறை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. குறுக்களவு இல்லாமல் படம் வரைந்தால் கடைசி அறை மூடாது. சுவர்க் கனத்தை வாசல், ஜன்னல் இடத்தில் எடுங்கள். படம் 50-க்கு 1. அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்.

புகைப்படம்: தெருமுகப்பு நேராக ஒன்று. பிறகு திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுப்படி என்று நடக்கிற வரிசையிலேயே அறைக்கு ஆறு. நான்கு மூலையிலிருந்து நான்கு, கூரை ஒன்று, தரை ஒன்று. கதவுச் செதுக்கலின் வளைவை எடுக்க ஈயக் கம்பியை அதில் அழுத்திப் பிடித்து, எடுத்துத் தாளில் வைத்து ஓரம் வரையுங்கள். சுவரில் ஒரு ரூபாய் அளவுக்கு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தின் வளையம் மாதிரி அத்தனை வருட வர்ணமும் வரிசையாகத் தெரியும். அதையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள்.

ஒரு சுவர்ச் செங்கல், ஒரு மெத்தைச் செங்கல், ஒரு தட்டோடு, ஒரு பிடி காறை. தனித்தனிக் கவரில், எந்த அறை எந்தச் சுவர் என்று பென்சிலால் எழுதிப் போடுங்கள்; பேனா மை நாளடைவில் மங்கிவிடும். தாய்ப் பத்திரத்தையும் பழைய பிளானையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஒரு பிரதி குடும்பத்தில் ஒருவரிடம், ஒரு பிரதி பாரம்பரியச் சின்னங்களைப் பேணும் இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளையிடம். போனில் மட்டும் வைத்தால் போன் மாற்றும்போது போய்விடும்.

அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். வாங்குகிறவர் முதலில் அனுப்புவது கடப்பாரை ஆளை அல்ல, பழைய மரக்கடைக்காரரை. அவர் வந்துபோன மறுநாள் வாசல் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். கதவின் உயரம், நிலையின் அகலம் எதையும் அளக்க முடியாது.